ஜன்னலை மாற்றுவதா, காற்றை மாற்றுவதா?

எங்கள் வீட்டில் ஏழு ஜன்னல்கள். மொத்தம் 15 சதுர மீட்டர். அத்தனையையும் மாற்ற ஜன்னல்காரர் எழுதிக் கொடுத்த தொகை 12,000 யூரோவை ஒட்டி வந்தது. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் 1974-இல் கட்டிய அடுக்குமாடிக் கட்டடம். இரண்டாம் மாடியில் 75 சதுர மீட்டர் வீடு, அதில் நாங்கள் நான்கு பேர். மொத்தக் கட்டடத்துக்கும் கேஸில் ஓடும் ஒரே பாய்லர். வருடாந்திர ஹீட்டிங் பில் கையில் வந்த சூட்டில், "ஜன்னலை மாத்துங்க, பாதி குறைஞ்சிடும்" என்று யாராவது சொன்னால் கையெழுத்துப் போட்டுவிடத்தான் தோன்றும். போடுவதற்கு முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஜன்னலால் போகிற வெப்பத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக இன்னொரு இழப்பு அதில் தெரிந்தது. அது நாங்கள் மூச்சு விடுகிற காற்று.

கணக்குக்குப் போகும் முன் ஒரு நண்பர் வீட்டில் நடந்தது. மதுரைக்காரர், பக்கத்து ஊரில் எங்களுடையதைப் போலவே ஒரு பழைய கட்டடத்தில் இருக்கிறார். இரண்டு வருடம் முன்பு எல்லா ஜன்னலையும் மூன்றடுக்குக் கண்ணாடிக்கு மாற்றினார். வீடு கதகதப்பாகிவிட்டது, டிராம் சத்தம்கூடக் காணாமல் போய்விட்டது. பிப்ரவரியில் ஏதோ காரணத்துக்காகப் படுக்கையறை பீரோவை நகர்த்தியிருக்கிறார். பின்சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கறுப்புப் பூஞ்சை. மேல்தட்டில் இருந்த பட்டுப்புடவைப் பை வரைக்கும் அந்த வாடை. ஜன்னல் போட்ட கம்பெனியைக் கூப்பிட்டால், "நீங்கள் சரியாகக் காற்று விடவில்லை" என்றார்களாம். விற்கிறபோது காற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் வீட்டில் என்ன நடந்தது என்பது புரிந்தால்தான் எந்த ஜன்னல், எந்த ஃபேன் என்று ஒப்பிட முடியும். கண்ணாடி வழியாக வெப்பம் ஓடுவதை யூ-மதிப்பு என்ற எண்ணால் சொல்வார்கள். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் போகிறது என்பதுதான் அது. ஒற்றைக் கண்ணாடிக்கு 5.8. எழுபது, எண்பதுகளில் வந்த இரட்டைக் கண்ணாடிக்கு 2.8-ஐ ஒட்டி. தொண்ணூறுகளின் நடுவிலிருந்து இங்கே வழக்கமான, உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சும் நடுவில் ஆர்கான் வாயுவும் உள்ள இரட்டைக் கண்ணாடிக்கு 1.1. இன்றைய மூன்றடுக்குக்கு 0.5-இலிருந்து 0.7 வரை.

இந்த எண்ணிலிருந்து கண்ணாடியின் உள்பக்கம் எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்றும் கணக்கிடலாம். வெளியே 0 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைக் கண்ணாடியின் உள்பக்கம் 5 டிகிரி. பழைய இரட்டைக் கண்ணாடி 12.7. மூன்றடுக்கு 18.4. அறையில் ஈரப்பதம் 50 சதவீதம் இருந்தால், 9.3 டிகிரிக்குக் கீழே போன எந்தப் பரப்பிலும் தண்ணீர் முத்துமுத்தாகக் கோர்க்கும். பூஞ்சைக்கு அவ்வளவு தண்ணீர்கூட வேண்டாம். 12.6 டிகிரிக்குக் கீழே ஒரு பரப்பு தொடர்ந்து இருந்தாலே அது வேர்விட்டுவிடும். இங்குள்ள கட்டடத் தரவிதிகள் எல்லையாக வைத்திருப்பதும் அந்த 12.6-தான்.

பழைய காலத்தில் வீட்டிலேயே அதிகம் குளிர்ந்த இடம் ஜன்னல் கண்ணாடி. வீட்டு ஈரமெல்லாம் அங்கே போய் ஒட்டியது, காலையில் துணியால் துடைத்து எடுத்தோம். எங்கள் வீட்டில் ஜனவரி முழுக்க இன்றும் அது என் வேலை. மைனஸ் 10 என்றால் ஜன்னல் விளிம்பில் ஒரு டம்ளர் தண்ணீர் நிற்கும். எரிச்சலான வேலைதான், ஆனால் அந்த ஒரு டம்ளர் நம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிற்கிறது. மூன்றடுக்குக் கண்ணாடி வந்ததும் ஜன்னல் வெதுவெதுப்பாகிவிடுகிறது. இன்சுலேஷன் இல்லாத அறுபது, எழுபதுகளின் சுவருக்கு யூ-மதிப்பு 1.4 வரை இருக்கும். இப்போது வீட்டில் குளிர்ந்த இடம் அந்தச் சுவரின் மூலை. அதிலும் ஹீட்டர் சூடு எட்டாத பீரோவின் முதுகுப்பக்கம். நண்பரின் பூஞ்சை சரியாக அங்கேதான் வந்தது.

அது பாதிக் காரணம். மீதிப் பாதி, பழைய ஜன்னலின் சந்துகள். ரப்பர் காய்ந்து, சட்டம் வளைந்த ஜன்னல் இரவு பகலாகத் தானே காற்றை மாற்றிக்கொண்டிருந்தது. புது ஜன்னல் டப்பா மூடி மாதிரி இறுகி மூடும். அந்த இலவசக் காற்றோட்டம் ஒரே நாளில் நின்றுபோகிறது, வீட்டுக்காரர் பழக்கம் மட்டும் மாறுவதில்லை.

எவ்வளவு காற்று மாற வேண்டும்? இதற்கு இங்கே எல்லோரும் சொல்லும் விதி, மணிக்கு அரைப் பங்கு. அதாவது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வீட்டுக் காற்று முழுக்க மாற வேண்டும். விதியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஈரத்தை வைத்துச் சரிபார்த்தேன். நான்கு பேர் உள்ள வீட்டில் மூச்சு, வியர்வை, குளியல், சமையல், துணி என்று ஒரு நாளைக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் சேரும். நம் வீடுகளில் கூடத்தான் இருக்கும். இட்லிப் பானையும் குக்கரும் ஒரு காலைக்குள் எவ்வளவு நீராவி விடும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மெஷின் துணியை அறைக்குள் கொடியில் போட்டால் அதுவே ஏறத்தாழ 2 லிட்டர்.

20 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் 8.6 கிராம் தண்ணீர் இருக்கிறது. வெளியே 0 டிகிரி, 80 சதவீதம் என்றால் அந்தக் காற்றில் 3.9 கிராம்தான். ஆக ஒவ்வொரு கன மீட்டரை மாற்றும்போதும் 4.7 கிராம் ஈரம் வெளியே போகிறது. 10 லிட்டரையும் வெளியேற்ற 2,100 கன மீட்டர் வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது 188 கன மீட்டர் காற்று. அப்படியானால் ஒரு நாளைக்குப் பதினோரு தடவை முழுக்க மாற்ற வேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை என்ற விதியும் ஏறக்குறைய அதே பன்னிரண்டில் வந்து நிற்கிறது.

ஒரு சின்னத் திருப்பம். நவம்பரில் வெளியே 10 டிகிரி, தூறல் என்றால் வெளிக்காற்றிலேயே 7.5 கிராம் ஈரம் இருக்கும். அப்போது ஒரு கன மீட்டருக்கு 1 கிராம்தான் போகும். கடுங்குளிரை விட மழைக்கால நவம்பரில்தான் துணி காயாது, மூலை நாறும். "வெளியே அவ்வளவு குளிரில்லையே, ஜன்னல் எதற்கு" என்று நாம் சும்மா இருப்பதும் அந்த மாதத்தில்தான்.

சரி, இனி எனக்கு முன்னால் இருந்த வழிகள்.

காசில்லாத வழியிலிருந்து தொடங்குகிறேன். ஜெர்மன்காரர்கள் ஷ்டோஸ்லுஃப்டன் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஜன்னலை அகலத் திறந்து ஐந்து நிமிடம் வைத்துவிட்டு மூடிவிடுவது. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தால் இன்னும் சீக்கிரம் முடியும். எங்கள் மேல்வீட்டுப் பாட்டி மைனஸ் 8 டிகிரியிலும் காலை ஏழு மணிக்கு எல்லா ஜன்னலையும் திறந்து, ரஜாயை ஜன்னல் விளிம்பில் மடித்துத் தொங்கவிட்டுவிடுவார். ஹீட்டிங்குக்கு இவ்வளவு காசு கொடுத்துவிட்டு ஜன்னலைத் திறந்து போடுகிறார்களே என்று வந்த புதிதில் எனக்கு வயிறு எரிந்திருக்கிறது.

எரிய வேண்டியதில்லை. காற்று வெப்பத்தை அதிகம் சுமப்பதில்லை. ஒரு கன மீட்டரை ஒரு டிகிரி சூடாக்க 0.34 வாட்-மணி போதும். எங்கள் வீட்டுக் காற்று மொத்தத்தையும் 0 டிகிரியிலிருந்து 20-க்குக் கொண்டுவர 1.3 யூனிட் (கிலோவாட்-மணி). கேஸை யூனிட்டுக்கு 12 சென்ட் என்று வைத்தால் 16 சென்ட். வெப்பத்தின் பெரும்பகுதி சுவரிலும் தரையிலும் சாமான்களிலும் இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் அது எங்கேயும் போய்விடாது.

காசு போகிற இடம் சாய்த்து வைத்த ஜன்னல். இங்குள்ள ஜன்னல்களில் கைப்பிடியை மேல்நோக்கித் திருப்பினால் மேல்பாகம் மட்டும் ஒரு சாண் உள்ளே சாயும். நம்மவர்கள் வீடுகளில் அதிகம் பார்ப்பது இதுதான். தாளிப்பு வாடை போக வேண்டும் என்று காலையில் சாய்த்தால் மாலை வரை அப்படியே கிடக்கும். காற்று மெதுவாக, ஆனால் ஓயாமல் போகும். அதனால் மணிக்கு ஒரு தடவை வீட்டுக் காற்று கூடுதலாக மாறினால்கூட, 0 டிகிரியில் 24 மணி நேரத்துக்கு 30 யூனிட். கூடவே ஜன்னலுக்கு மேலுள்ள சுவர் ஐஸாகி, அங்கேயே பூஞ்சை பிடிக்கும். ஜன்னலுக்கு நேர் கீழே ரேடியேட்டர் இருந்தால் இன்னும் மோசம். குளிர்காற்று அதன் வால்வில் விழ, அறை குளிர்ந்துவிட்டது என்று நினைத்து அது முழுக்கத் திறந்துகொள்ளும், தெருவுக்கு ஹீட்டிங். அகலத் திறக்கும்போதும் வால்வை முதலில் மூடிவிடுவது நல்லது.

இந்த வழியின் குறை அதே பதினொன்று. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் யார் பதினோரு தடவை ஜன்னல் திறப்பது? காலையில் இரண்டு, மாலையில் மூன்று, சமைத்த பின் ஒன்று என்று ஆறு வரை நாங்கள் போயிருக்கிறோம். மீதியைப் பழைய ஜன்னலின் சந்துகள் பார்த்துக்கொள்கின்றன. இருக்கிற ஜன்னலை வைத்துக்கொண்டே காலம் தள்ளலாம் என்பதற்கு இதுதான் நேர்மையான காரணம்.

காலம் தள்ளுவதென்றால் அதற்கும் கொஞ்சம் செலவு செய்யலாம். மூடிய ஜன்னல் இடுக்கில் ஒரு தாளை வைத்து இழுத்துப் பாருங்கள். சும்மா உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் வேலை செய்யவில்லை. மீட்டர் கணக்கில் ரப்பர் வாங்கி நாமே மாற்றலாம். ஓரத்தில் இருக்கும் சின்ன உருளைகளை ஆலன் சாவியால் கொஞ்சம் திருப்பினால் ஜன்னல் இன்னும் இறுகும். பலரும் மறக்கிற ஓட்டை, ஜன்னலுக்கு மேலே உருட்டு ஷட்டர் சுருண்டிருக்கும் பெட்டி. பழைய கட்டடங்களில் அது வெளிக்காற்றோடு நேரடித் தொடர்பில் இருக்கும் வெறும் மரப்பலகை. உள்ளே இன்சுலேஷன் அட்டை ஒட்டுவது ஒரு சனிக்கிழமை வேலை. மூன்றும் சேர்ந்து சில நூறு யூரோ. ஆனால் கவனிக்க வேண்டும், இதுவும் சந்துகளை அடைக்கிற வேலைதான். ஆறு தடவை திறந்தது எட்டு தடவை ஆக வேண்டும்.

அடுத்தது, சட்டத்தை விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் மாற்றுவது. முதலில் உங்கள் கண்ணாடி எந்தக் காலத்தது என்று பாருங்கள். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஓரமாக ஓடும் அலுமினியப் பட்டியில் பெரும்பாலும் வருடம் அச்சிட்டிருக்கும். எங்களுடையதில் 88 என்று இருந்தது. இன்னொரு சோதனை, இருட்டியதும் லைட்டரைக் கண்ணாடி முன் பிடிப்பது. இரட்டைக் கண்ணாடியில் நான்கு சுடர்கள் தெரியும். அதில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் உலோகப் பூச்சு இருக்கிறது. எங்களுடையதில் நான்கும் ஒரே மஞ்சள். பிள்ளைகளுக்கு அன்றைக்கு அதுதான் விளையாட்டு, ஏழு ஜன்னலிலும் எண்ணிவிட்டு வந்தார்கள்.

சட்டம் திடமான மரமாக இருந்தால் கண்ணாடி மட்டும் மாற்றுவது புத்திசாலித்தனம். 2.8-இலிருந்து 1.1-க்கு இறங்கிவிடலாம், மூலைகளை உடைக்க வேண்டாம், சந்துகளும் கொஞ்சம் மிஞ்சும். மூன்றடுக்குக் கண்ணாடியின் எடையையும் தடிமனையும் மட்டும் பழைய சட்டமும் கீலும் பெரும்பாலும் தாங்காது. எங்களுடையது எண்பதுகளின் பிளாஸ்டிக் சட்டம், இரண்டில் கீல் தொங்கிப்போய்விட்டது. ஆகவே இந்த வழி எங்களுக்கு அடைபட்டது.

பிறகு முழு ஜன்னல். இங்கேதான் இரண்டடுக்கா மூன்றடுக்கா என்ற பழைய சண்டை. என் கணக்கு இப்படி. ஹீட்டிங் காலம் 200 நாள், வெளியே சராசரி 5 டிகிரி, உள்ளே 20. சட்டத்தோடு சேர்த்துப் பழைய ஜன்னலுக்கு 2.8 என்றால் 15 சதுர மீட்டர் வழியாக வருடத்துக்குச் சுமார் 3,000 யூனிட் போகிறது. புது இரண்டடுக்கு ஜன்னல், சட்டத்தோடு 1.3, அதில் 1,400. மூன்றடுக்கு, 0.9, அதில் 970. பழையதிலிருந்து மூன்றடுக்குக்குப் போனால் மிச்சம் 2,000 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், பணமாக 250 யூரோ. 12,000 யூரோவை 250-ஆல் வகுத்துப் பாருங்கள். என் மகன் வேலையிலிருந்து ஓய்வு பெறும்போதுதான் லாபம் தொடங்கும். ஹீட்டிங் மிச்சத்துக்காக மட்டும் ஜன்னல் மாற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் அவர் கணக்குப் போடவில்லை என்று அர்த்தம். கீல் போய்விட்டது, சத்தம் தாங்கவில்லை, ஜன்னலருகே முதுகு சில்லிடுகிறது, எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்ற நிலையில், எதை வாங்குவது என்பதற்குத்தான் இந்த எண்கள் உதவும்.

இரண்டடுக்குக்கும் மூன்றடுக்குக்கும் வித்தியாசம் 430 யூனிட், வருடத்துக்கு 50 யூரோ. விலை வித்தியாசம் எங்களுக்குச் சொன்னது 900 யூரோ. அதோடு மூன்றடுக்கில் சூரிய வெப்பம் உள்ளே வருவது கொஞ்சம் குறையும். தெற்குப் பார்த்த பெரிய ஜன்னல் என்றால் அதையும் கழிக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்து இரண்டடுக்கு என்றே முடிவுக்கு வந்திருப்பேன். தடுத்தது அரசு மானியம். சட்டப்படி புது ஜன்னலுக்கு 1.3 போதும், ஆனால் 15 சதவீத மானியம் வேண்டுமானால் 0.95-க்குள் இருக்க வேண்டும். 12,000-இல் 1,800 போனால் மூன்றடுக்கு 10,200. மானியம் இல்லாத இரண்டடுக்கு 11,100. விலை கூடியது மலிவாகிவிட்டது. ஒன்று மட்டும், எரிசக்தி ஆலோசகர் மூலமாக, வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். வேலை முடித்துவிட்டு ரசீதோடு போனால் ஒரு சென்ட் கிடைக்காது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இத்தனையும் எதற்கு என்று கேட்கலாம். சொந்த வீட்டுக்காரர்களுக்கும் ஜன்னல் சொந்தமில்லை என்பதுதான் இங்கே வேடிக்கை. அடுக்குமாடியில் வெளி ஜன்னல் பொதுச் சொத்து, உரிமையாளர் கூட்டத்தில் தீர்மானம் போட்டால்தான் கை வைக்கலாம். எங்கள் கூட்டம் மே மாதம். அதில் கேட்பதற்கு ஒரு விஷயம் வைத்திருக்கிறேன். டின் 1946-6 என்ற தரவிதிப்படி ஒரு வீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜன்னல் மாற்றினால் காற்றோட்டத்துக்கு என்ன வழி என்று எழுத்தில் திட்டம் வேண்டும். விலைப்பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு வந்த மூன்று பட்டியல்களில் ஒன்றில்தான் இருந்தது. நண்பர் வீட்டுப் பட்டியலில் இல்லவே இல்லை.

அந்தத் திட்டத்தில் என்னென்ன எழுத முடியும்? மலிவானது, ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் பொருத்தும் சின்னக் காற்றுவழி. ஒரு ஜன்னலுக்குச் சில பத்து யூரோ. காற்று பலமாக அடித்தால் தானே மூடிக்கொள்ளும். உள்ளே வரும் காற்றும் கொஞ்சம்தான். ஒன்றுமே இல்லாததற்கு இது தேவலை, நான்கு பேர் வீட்டுக்குத் தனியாக இது காணாது.

அதோடு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் சேர்ந்தால் கதை மாறும். எங்கள் குளியலறைக்கு ஜன்னல் கிடையாது, பழைய கட்டடங்களில் பல இப்படித்தான், கூரை வரை போகும் ஒரு குழாயில் ஃபேன் மாட்டியிருக்கிறது. விளக்கைப் போட்டால் சுற்றும், அணைத்தால் நிற்கும். அதை எடுத்துவிட்டு, ஈரப்பதத்தைப் பார்த்துத் தானே வேகம் கூட்டிக் குறைக்கிற, மற்ற நேரம் சத்தமில்லாமல் மெல்ல ஓடிக்கொண்டே இருக்கிற ஒன்றைப் போட 400 யூரோ வரை ஆகும். ஃபேன் உறிஞ்சுகிற காற்று படுக்கையறை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து, கதவின் கீழ் இடைவெளி வழியாகக் குளியலறைக்குப் போகும். உள்வழி வைக்காமல் ஃபேனை மட்டும் போட்டால், இறுக்கமான வீட்டில் அது வாசல் கதவு இடுக்கிலிருந்து இழுக்கும். பக்கத்து வீட்டு முட்டைக்கோஸ் வாசனை நம் ஹாலுக்கு வரும். வெப்பம் திரும்பக் கிடைக்காது என்பது இதன் குறை. ஆனால் தேவைக்கு மேல் காற்று போகாது, மனித நினைவாற்றலை நம்பி இல்லை.

ஒரு எச்சரிக்கை இங்கே கட்டாயம். வீட்டுக்குள் விறகு அடுப்போ, அறைக் காற்றை எடுத்து எரியும் கேஸ் பாய்லரோ இருந்தால், எக்ஸாஸ்ட் ஃபேனும் இறுக்கமான ஜன்னலும் சேர்ந்து புகையைப் புகைபோக்கியிலிருந்து உள்ளே இழுத்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. புகைபோக்கிப் பரிசோதகரைக் கேட்காமல் ஃபேன் மாட்டாதீர்கள். காற்றை வெளியே தள்ளும் சமையலறை ஹூடுக்கும் இதே கதைதான். ஆனால் இங்கே பல ஹூடுகள் காற்றை வெளியே தள்ளாமல் வடிகட்டி உள்ளேயே திருப்பி விடுபவை. எண்ணெய்ப் பிசுக்கும் வாடையும் கொஞ்சம் குறையும், நீராவி ஒரு சொட்டுக்கூடக் குறையாது. இட்லி வேகும்போது ஹூடு ஓடுகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

வெப்பத்தைத் திரும்பப் பிடிக்கிற கருவிகள் அடுத்தபடி. 1991-இல் டார்ம்ஷ்டாட் நகரின் கிரானிக்ஷ்டைன் பகுதியில் கட்டிய முதல் பாசிவ் வீடுகளில் இதுதான் முதுகெலும்பு. மூன்றடுக்குக் கண்ணாடி, தடித்த இன்சுலேஷன், வெளியே போகும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் இயந்திரம். இப்படிக் கட்டிய வீட்டுக்குச் சதுர மீட்டருக்கு வருடம் 15 யூனிட்டில் ஹீட்டிங் முடிந்துவிடுகிறது. நம் மாதிரிப் பழைய வீட்டில் குழாய் இழுத்து அப்படிச் செய்ய முடியாது, கூரையைத் தாழ்த்த வேண்டும், அதை விட்டுவிடலாம்.

ஒத்துவருவது சுவரில் துளை போட்டு வைக்கும் ஜோடிக் கருவிகள். உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி, ஒரு சின்ன ஃபேன். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகமாகக் காற்றை வெளியே தள்ளும், அப்போது பீங்கான் சூடாகும். பிறகு திசை மாறி வெளிக்காற்றை அதே பீங்கான் வழியாக உள்ளே இழுக்கும். ஒன்று தள்ளும்போது அடுத்த அறையில் இருப்பது இழுக்கும், அதனால்தான் ஜோடி. எங்கள் வீட்டுக்கு மொத்தம் வேண்டியது மணிக்கு 94 கன மீட்டர். அதைச் சூடாக்க வருடத்துக்கு 2,300 யூனிட். பழைய ஜன்னல் வழியாகப் போகிற 3,000-க்கும் இதற்கும் பெரிய தூரமில்லை, புது ஜன்னலின் 970-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஜன்னலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் திறந்தது இந்த எண்ணில்தான்.

ஒரு ஜோடி அதில் பாதிக் காற்றைக் கவனித்து, 70 சதவீத வெப்பத்தைத் திருப்பினால் 800 யூனிட் மிச்சம், 96 யூரோ. ஃபேன் மின்சாரத்துக்குப் 10 யூரோ கழித்தால் 86. ஜோடி பொருத்திக் கொடுக்க 2,200 யூரோ கேட்டார்கள். பணக்கணக்கில் இதுவும் கால் நூற்றாண்டைத் தாண்டும். அதே சமயம் இதை ஓட்டைப் பழைய ஜன்னலோடு வைத்தால் அந்த 86 யூரோவும் நிற்காது, காற்று கருவியைச் சுற்றிக்கொண்டு சந்து வழியாகப் போய்விடும். இறுக்கமான ஜன்னலுக்குத்தான் இது ஜோடி.

பணத்துக்கு வெளியே ஒரு காரணம் இருக்கிறது. பிள்ளைகள் அறை 12 சதுர மீட்டர், இரவு கதவை மூடித்தான் தூங்குவார்கள். கரியமில வாயு மீட்டர் ஒன்றை வைத்துப் பார்த்தேன், காலை ஆறு மணிக்கு 2,600. பத்து லட்சத்தில் 1,000 பங்குக்குமேல் போனால் அறைக்காற்று கெட்டது என்று மூனிக்கின் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858-இலேயே எழுதிவிட்டார், இன்றும் 2,000-க்கு மேல் ஏற்கத்தக்கதல்ல என்பதுதான் இந்த நாட்டின் சுற்றுச்சூழல் அலுவலகத்தின் நிலை. பழைய ஜன்னலிலேயே 2,600 என்றால் புது ஜன்னலில் எவ்வளவு? இரவு மூன்று மணிக்கு எழுந்து யாரும் ஷ்டோஸ்லுஃப்டன் செய்யப் போவதில்லை.

ஆகவே எங்கள் வீட்டுக்கு நான் எடுத்த முடிவு: மூன்றடுக்கு ஜன்னல், ஆனால் குளியலறை ஃபேனை மாற்றி, ஹாலிலும் சமையலறையிலும் இடுக்கு வழிகள் வைத்த பிறகு. இரண்டு படுக்கையறைக்கும் சேர்த்து ஒரு ஜோடிக் கருவி. மே மாதக் கூட்டம் ஜன்னலுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஜோடிக் கருவியும் இல்லை, ரப்பரும் ஷட்டர் பெட்டியும் ஃபேனும் மட்டும். ஜன்னல் மட்டும் என்ற தேர்வை நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன். நீங்கள் இருவர் மட்டும் உள்ள வீடு, சுவரும் இன்சுலேஷன் போட்டது என்றால் ஜோடிக் கருவியை விட்டுவிடலாம், ஒரு நாளைக்கு ஐந்து தடவை ஜன்னல் திறப்பதே போதும். தொண்ணூறுகளுக்குப் பிந்தைய பூச்சுக் கண்ணாடி உங்களுடையது என்றால் மூன்றடுக்குக்காரர் வாசலில் வந்து நின்றாலும் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஜோடிக் கருவிக்குச் சுவரில் 16 சென்டிமீட்டர் துளை வேண்டும். எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று பார்க்க, மனைவி ஒரு எவர்சில்வர் டிபன் தட்டைக் கொண்டுவந்து சுவரில் வைத்தாள். கட்டில் தலைமாட்டுக்கு மேல் வேண்டாம், நிமிடத்துக்கு ஒருமுறை ஃபேன் மூச்சை மாற்றுகிற சத்தம் காதில் விழும் என்றாள். ஷட்டர் பக்கம் வைத்தால் திரைச்சீலை உறிஞ்சப்படும். கடைசியில் கதவுக்கு எதிர்மூலையில், கூரைக்கு ஒரு முழம் கீழே தட்டைப் பிடித்துக்கொண்டாள், நான் பென்சிலால் சுற்றி வரைந்தேன். வட்டம் இன்னும் சுவரில் இருக்கிறது. மகள் அதற்குள் இரண்டு கண்ணும் வாயும் போட்டுவிட்டாள்.